சாலை மிதிவண்டிச் சக்கரத் தேர்வு

சாலை மிதிவண்டிச் சக்கரத் தேர்வு என்பது ஓட்டுபவரின் எடை, சாலையின் தன்மை, வேகம், காற்று, மழை ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு ஒரு சாலை மிதிவண்டிக்கு ஏற்ற சக்கரத்தை முடிவு செய்வதாகும். ‘ரோடு பைக்’ என்று பரவலாக அழைக்கப்படும் சாலை மிதிவண்டி, தார்ச்சாலையில் விரைவாகச் செல்வதற்காக எடை குறைவாகவும் வளைந்த கைப்பிடியுடனும் வடிவமைக்கப்பட்டது. இதில் சட்டகத்துக்கு அடுத்தபடியாக அதிகப் பணம் செலவாகும் பாகங்களில் ஒன்று சக்கரம்.

எல்லாச் சூழலுக்கும் சிறந்தது என்று ஒரே சக்கரம் கிடையாது. சமதளத்தில் வேகம் தரும் ஆழமான ரிம், பலத்த பக்கக் காற்றில் வண்டியைத் தடுமாறச் செய்யும். ஏற்றத்துக்கு ஏற்ற மெல்லிய சக்கரம், குண்டும் குழியுமான சாலையில் விரைவில் கோணிப்போகும். தவறான தேர்வால் இழப்பது வேகமும் பணமும் மட்டுமல்ல. மலை இறக்கத்தில் அது உயிருக்கும் ஆபத்தாக முடியலாம்.

சக்கரத்தின் அமைப்பு

டயர் பொருந்தும் வெளிவளையம் ரிம் எனப்படும். அச்சைச் சுற்றிச் சுழலும் நடுப்பகுதி ஹப். இவ்விரண்டையும் இணைப்பவை ஸ்போக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியையும் ரிம்முடன் இறுக்கும் சிறு திருகு நிப்பிள் ஆகும்.

கம்பிகள் தூண்களைப் போல நின்று சுமையைத் தாங்குவதாகத் தோன்றும். ஆனால் மெல்லிய கம்பியை அழுத்தினால் அது வளைந்துவிடும். இழுத்தால்தான் வலிமை காட்டும். எனவே சக்கரம் கட்டும்போதே எல்லாக் கம்பிகளும் இழுத்து இறுக்கப்படுகின்றன. பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பி ஒன்றில் இந்த இழுவிசை பொதுவாக 100 முதல் 120 கிலோகிராம் எடைக்கு ஈடாக இருக்கும். வண்டியில் ஒருவர் ஏறி அமர்ந்ததும், தரையை ஒட்டிய பகுதியிலுள்ள சில கம்பிகளின் இறுக்கம் சற்றுக் குறைகிறது. சுமை தாங்கப்படுவது இவ்வாறுதான்.

சாலை மிதிவண்டிச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். 100 கிலோமீட்டர் பயணத்தில் அது 47,000 முறைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. சரியாக இறுக்கப்படாத சக்கரத்தில் இந்த மாற்றம் மிகுதியாகி, உலோகம் சோர்ந்து, பெரும்பாலும் ஹப்பை ஒட்டிய வளைவில் கம்பி முறிகிறது. நன்கு இறுக்கிக் கட்டப்பட்ட மலிவான சக்கரம், அரைகுறையாகக் கட்டப்பட்ட விலையுயர்ந்த சக்கரத்தைவிட நெடுநாள் உழைப்பதற்குக் காரணம் இதுவே.

பின்சக்கரம் உடல் எடையில் பாதிக்கு மேல் தாங்குகிறது. அதன் வலப்பக்கத்தில் பற்சக்கரத் தொகுதி இருப்பதால் இரு பக்கக் கம்பிகளும் ஒரே சாய்வில் அமைவதில்லை. இடப்பக்கக் கம்பிகளின் இறுக்கம் குறைவாகவே இருக்கும். ஆகவே முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்துக்குக் கூடுதல் கம்பிகள் தேவை. இந்தியாவில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் சாதாரண மிதிவண்டியில் முன்னே 32, பின்னே 40 கம்பிகள் உள்ளன. இன்றைய சாலை மிதிவண்டிகளில் 20 முதல் 28 கம்பிகள் வழக்கமாகக் காணப்படுகின்றன.

அளவுகள்

பெரும்பாலான சாலை மிதிவண்டிகள் 700சி எனப்படும் அளவைச் சேர்ந்தவை. இதில் டயரின் ஓரம் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம் 622 மிமீ. டயரின் பக்கத்தில் 28-622 என்று இருந்தால், அது 28 மிமீ அகலமும் 622 மிமீ விட்டமும் கொண்டது என்று பொருள். இந்தியாவின் 28 அங்குலச் சாதாரண மிதிவண்டியில் இந்த விட்டம் 635 மிமீ. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் டயர் மற்றொன்றில் பொருந்தாது. வால்வும் வேறுபடும். சாலை மிதிவண்டியின் டியூப்களில் பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வு இருப்பதால், சாதாரண சைக்கிள் கடையில் காற்றடிக்க ஒரு சிறு இணைப்பான் தேவைப்படும்.

தேர்வைத் தீர்மானிக்கும் கூறுகள்

டயரின் அகலமும் காற்றழுத்தமும்

மெல்லிய டயரில் காற்றைக் கல்போல் இறுக்கி அடித்தால் வேகம் கூடும் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. வழவழப்பான உருளையின் மேல் செய்யப்படும் சோதனையில் அழுத்தம் கூடக்கூட உருளும் தடை குறைவது உண்மைதான். ஆனால் உண்மையான சாலை வழவழப்பானது அல்ல. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால், டயர் சாலையின் சிறு மேடுபள்ளங்களை உள்வாங்காமல் வண்டியையும் ஓட்டுபவரையும் மேலே தூக்கிப் போடுகிறது. முன்னே செல்ல வேண்டிய ஆற்றல் உடலின் அதிர்வில் வீணாகிறது.

இதனால் போட்டிகளில்கூட 23 மிமீ டயர்களின் இடத்தை முதலில் 25 மிமீ, பின்னர் 28 மிமீ டயர்கள் பிடித்தன. கரடான சாலைகளுக்கு 30, 32 மிமீ டயர்களும் பயன்படுகின்றன. ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 25 மிமீ டயரில் 80 முதல் 90 பிஎஸ்ஐ, 28 மிமீ டயரில் 70 பிஎஸ்ஐ அளவு, 32 மிமீ டயரில் 55 முதல் 60 பிஎஸ்ஐ என்பவை தொடங்குவதற்கு ஏற்ற அளவுகள். எடையையும் சாலையையும் பொறுத்து இவற்றைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். டயரிலும் ரிம்மிலும் குறிக்கப்பட்ட உச்ச அளவுகளுள் குறைவானதைத் தாண்டக் கூடாது.

ரிம்மின் உள் அகலம்

பழைய சாலைச் சக்கரங்களின் உள் அகலம் 15 மிமீ அளவில் இருந்தது. இப்போது 19 முதல் 25 மிமீ வரை வழக்கமாகியுள்ளது. அகலமான ரிம்மில் டயர் இன்னும் விரிந்து அமர்வதால், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் நெளிவது குறைகிறது. ஒரே டயர் இரண்டு ரிம்களில் வெவ்வேறு அகலம் காட்டுவதும் இதனால்தான். எனவே புதிய சக்கரம் வாங்கும்முன், விரிந்த டயருக்குச் சட்டகத்திலும் பிரேக்கிலும் போதிய இடைவெளி உள்ளதா என்று அளந்து பார்ப்பது அவசியம்.

ரிம்மின் ஆழம்

காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. அதாவது வேகம் இரட்டிப்பானால் காற்றை வெல்ல எட்டு மடங்கு திறன் வேண்டும். ஆழமான ரிம், டயரைக் கடந்து வரும் காற்றைச் சிதறவிடாமல் சீராக வழியனுப்புகிறது. இதற்கு ரிம்மின் வெளி அகலம் டயரின் உண்மையான அகலத்தைவிடக் குறைந்தது 5 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. ‘105 விதி’ எனப்படும் இது ஜோஷ் போர்ட்னர் என்ற பொறியாளரால் பரவியது. எனினும் ஓட்டும்போது எதிர்கொள்ளும் காற்றுத் தடையில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடலால் ஏற்படுவது. முழங்கைகளை மடக்கித் தாழ்ந்து அமர்வதும், உடலோடு ஒட்டிய ஆடை அணிவதும் பல நேரங்களில் புதிய சக்கரத்தைவிட அதிகப் பயன் தரும்.

எடை

சக்கரத்தின் எடை மற்றப் பாகங்களின் எடையைவிடப் பல மடங்கு முக்கியம் என்று சொல்லப்படுவதுண்டு. ரிம்மில் உள்ள ஒரு கிராம் முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் செய்வதால், வேகம் கூட்டும்போது அது ஏறத்தாழ இரண்டு கிராமுக்குச் சமம். ஆனால் சீரான வேகத்தில் ஏற்றம் ஏறும்போது ஒரு கிராம் ஒரு கிராம்தான்.

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். சக்கரங்களில் 400 கிராம் குறைத்தால் மொத்த எடையில் 0.5 விழுக்காடு குறையும். ஒரு மணி நேரம் ஏறும் மலையில் இதனால் மிச்சமாவது அதிகபட்சம் 18 விநாடி. போட்டியாளருக்கு இது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கலாம். மகிழ்ச்சிக்காக ஓட்டுபவருக்கு இதற்கெனப் பெருந்தொகை செலவிடுவதில் பயன் குறைவு.

ரிம்மின் பொருள்

அலுமினிய ரிம் விலை குறைந்தது, அடிபட்டால் பெரும்பாலும் உடையாமல் நெளியும், ரிம் பிரேக்குக்கு ஏற்றது. கார்பன் இழை ரிம்மை எடை கூடாமல் ஆழமாக வார்க்க முடியும். ஆனால் விலை அதிகம். பலத்த அடி பட்டால் உள்ளே விரிசல் விடலாம். அது வெளியே தெரியாமலும் இருக்கலாம். பழுது பார்த்த விவரம் தெரியாத பழைய கார்பன் ரிம்களையும், தயாரிப்பாளர் பெயரோ உச்ச அழுத்தக் குறிப்போ இல்லாத ரிம்களையும் தவிர்ப்பது நல்லது.

சூழலுக்கு ஏற்ற சக்கரங்கள்

சமதளம்

காற்றுத் தடை மேலோங்கும் சமதளத்தில் 40 முதல் 60 மிமீ ஆழமுள்ள ரிம்கள் பயன் தருகின்றன. தனியாக நேரத்துடன் போட்டியிடும் பந்தயங்களில் பின்சக்கரம் முழுவதும் மூடிய தட்டாகவே இருக்கும். 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரில் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் இத்தகைய தட்டுச் சக்கரங்களுடன் ஒரு மணி நேரத்தில் 51.151 கிமீ ஓட்டிச் சாதனை படைத்தார். அது சுற்றுப்பாதையில் நிகழ்ந்தது. திறந்த சாலையில் அடிக்கும் பக்கக் காற்றும் போக்குவரத்தும் அங்கு இல்லை.

பக்கக் காற்று

ஆழமான ரிம் ஒரு பாய்மரம் போலச் செயல்படுகிறது. பின்சக்கரத்தில் காற்று மோதினால் வண்டி சற்று ஒதுங்கும், அவ்வளவே. முன்சக்கரமோ கைப்பிடியுடன் திரும்பக்கூடியது. அதில் திடீர்க் காற்று மோதினால் கைப்பிடியே திரும்பிவிடும். எடை குறைந்தவர்களை இது மேலும் பாதிக்கும். ஹவாய்த் தீவின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில், அங்கு வீசும் பலத்த பக்கக் காற்றின் காரணமாகத் தட்டுச் சக்கரங்களுக்கு நெடுங்காலம் தடை இருந்தது.

தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோவை, உடுமலை, பல்லடம் பகுதிகளிலும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியிலும் காற்று மிக வலுவாக இருக்கும். ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்ற பழமொழி இக்காலத்தைக் குறித்தது. காற்றாலைகள் இங்கெல்லாம் நிறுவப்பட்டதும் இதனால்தான். இத்தகைய சாலைகளில் 30 மிமீக்கு மிகாத முன் ரிம் பாதுகாப்பானது. வேகமும் வேண்டுமென்றால் முன்னே ஆழம் குறைந்ததும் பின்னே ஆழம் கூடியதுமாக இரு வேறு ரிம்களைப் பொருத்துவது வழக்கம்.

மலைப்பாதை

மலைப்பாதை என்றதும் ஏற்றமே நினைவுக்கு வரும். சக்கரத்துக்கு உண்மையான சோதனை இறக்கம்தான். மொத்தம் 80 கிலோ எடையுடன் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறத்தாழ 784 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. இது இரண்டரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமானது. வேகமாக இறங்கினால் இதில் பெரும்பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலோ, உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையிலோ அடிக்கடி வேகத்தைக் குறைக்க வேண்டியிருப்பதால், ஆற்றலின் பெரும்பங்கு பிரேக்கில் வெப்பமாக இறங்குகிறது.

ரிம் பிரேக் உள்ள வண்டியில் அந்த வெப்பம் நேராக ரிம்முக்குச் செல்கிறது. டியூபுக்குள் அழுத்தம் உயர்ந்து டயர் வெடிக்கலாம். கார்பன் ரிம்மில் இழைகளைப் பிணைக்கும் பிசின் இளகி, ரிம்மின் பக்கச் சுவர் வீங்கலாம். டிஸ்க் பிரேக்கில் வெப்பம் ஹப்பை ஒட்டிய உலோகத் தட்டில் தங்குவதால் ரிம்முக்கு இந்தத் தொல்லை இல்லை. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 2018 ஜூலையில் சாலைப் போட்டிகளில் டிஸ்க் பிரேக்கை முறைப்படி அனுமதித்தது. ரிம் பிரேக் வண்டியில் மலை ஏறி இறங்குபவர்களுக்கு அலுமினிய ரிம்களே ஏற்றவை. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுவது வெப்பத்தைக் குறைக்கும்.

கரடுமுரடான சாலை

கரடான சாலைக்குப் புகழ்பெற்ற போட்டி, 1896 முதல் பிரான்சின் வடபகுதியில் நடந்துவரும் பாரிஸ்–ரூபே. ஏறத்தாழ 260 கிமீ பாதையில் 55 கிமீ அளவு கருங்கற்கள் பதித்த பழைய வழிகள். பல்லாண்டுகளாக இதில் 32 கம்பிகள் கொண்ட எளிய அலுமினிய ரிம்களே நம்பப்பட்டன. 2010இல் சுவிட்சர்லாந்தின் ஃபாபியன் கான்செல்லாரா கார்பன் ரிம்களுடன் வென்றது அந்த எண்ணத்தை மாற்றியது. இப்போது அதே போட்டியில் 30 மிமீக்கு மேற்பட்ட அகலமான டியூப்லெஸ் டயர்கள் குறைந்த அழுத்தத்தில் ஓடுகின்றன. சாலையின் அடியைத் தாங்குவதில் டயரிலுள்ள காற்றின் அளவுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதே இம்மாற்றம் காட்டும் பாடம்.

பள்ளங்களும் வேகத்தடைகளும் மிகுந்த நம் ஊர்ச் சாலைகளுக்கும் இது பொருந்தும். மெல்லிய டயரில் காற்று குறைந்திருந்தால், பள்ளத்தில் இறங்கும்போது ரிம் தரையில் மோதி, இடையில் சிக்கும் டியூபில் பாம்பு கடித்தது போல இரட்டைத் துளை விழும். 28 அல்லது 32 மிமீ டயரும், 20 மிமீ அளவு உள் அகலமுள்ள ரிம்மும், 24 முதல் 28 கம்பிகளும் இச்சாலைகளுக்கு ஏற்றவை. 90 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் பின்சக்கரத்தில் 28 அல்லது 32 கம்பிகளைத் தெரிவு செய்வது நல்லது.

மழையும் கடற்கரையும்

மழையில் ரிம் பிரேக் பிடித்தால், முதலில் நீர்ப்படலம் துடைக்கப்பட்ட பிறகே வண்டி நிற்கத் தொடங்கும். கார்பன் ரிம்மில் இந்தத் தாமதம் கூடுதல். சாலையின் மணல் பிரேக் கட்டைகளில் ஒட்டி அலுமினிய ரிம்மின் பக்கச் சுவரை அரம்போல் தேய்க்கும். பல ரிம்களில் தேய்மானத்தைக் காட்ட ஒரு சிறு குழியோ கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மை மாற்ற வேண்டும். தேய்ந்த சுவர் காற்றழுத்தம் தாங்காமல் ஓடும்போதே பிளந்துவிடக்கூடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் உப்புக் காற்று அலுமினிய நிப்பிள்களை அரிக்கும். அங்கு பித்தளை நிப்பிள்களும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் நெடுநாள் உழைக்கும். சில கிராம் எடை கூடுவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

நெடுந்தூரப் பயணம்

200, 300, 400, 600 கிமீ தொலைவுகளைக் குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்கும் பிரவே பயணங்கள் தமிழ்நாட்டிலும் நடைபெறுகின்றன. 200 கிமீக்கு 13 மணி 30 நிமிடமும் 600 கிமீக்கு 40 மணி நேரமும் வரம்பு. இப்பயணங்களில் நள்ளிரவில், கடைகள் இல்லாத இடத்தில் ஒரு கம்பி முறிந்தால் மீதிப் பயணம் என்னவாகும் என்பதே முதல் கேள்வி. 20 கம்பிகள் கொண்ட சக்கரத்தில் ஒன்று முறிந்தாலே ரிம் கோணி பிரேக்கிலோ சட்டகத்திலோ உரசக்கூடும். 32 கம்பிகள் உள்ளதில் ஒன்று முறிந்தாலும் பெரும்பாலும் ஊர் போய்ச் சேரலாம். வழக்கமான வளைந்த தலைக் கம்பிகளும் வெளியே தெரியும் நிப்பிள்களும் உள்ள சக்கரத்தை எந்த ஊர் சைக்கிள் கடையிலும் ஓரளவு பெண்டு எடுத்துச் சரிசெய்ய முடியும். இரவில் நெடுநேரம் ஓட்டுபவர்கள் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ ஹப்பை முன்சக்கரத்தில் பொருத்துவதுண்டு.

டயர் பொருந்தும் முறைகள்

சாலைச் சக்கரங்களில் மூன்று முறைகள் உள்ளன. டியூபும் டயரும் தனித்தனியாக உள்ள கிளிஞ்சர் முறை எளியது. பஞ்சரானால் சாலையோரத்திலேயே டியூபை மாற்றலாம். டயருக்குள் டியூபைத் தைத்து ரிம்மில் பசையால் ஒட்டும் ட்யூபுலர் முறை, போட்டியாளர்களிடமும் இப்போது அருகிவருகிறது. டியூப்லெஸ் முறையில் டயருக்குள் இருக்கும் திரவம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். வெப்பமான ஊர்களில் இத்திரவம் சில மாதங்களில் உலர்ந்துபோவதால் அவ்வப்போது நிரப்ப வேண்டும். பெரிய கிழிசலுக்கு அது உதவாது என்பதால் ஒரு டியூபையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது.

டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி போன்ற விளிம்பு இல்லாத ‘ஹுக்லெஸ்’ ரிம்களில் கூடுதல் கவனம் தேவை. சாலை டயர்களுக்கு இவற்றில் உச்ச அழுத்தம் 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பிஎஸ்ஐ. இவற்றுக்கென அனுமதிக்கப்பட்ட டியூப்லெஸ் டயர்களை மட்டுமே பொருத்த வேண்டும். தவறினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும்.

தெரிவு செய்யும் வரிசை

பலர் ரிம்மின் ஆழத்திலிருந்து தொடங்குகின்றனர். கீழுள்ள வரிசையில் முடிவெடுப்பது பணத்தையும் பாதுகாப்பையும் காக்கும்.

1. பொருத்தம்: பிரேக் ரிம் வகையா, டிஸ்க் வகையா? டிஸ்க் பிரேக் வண்டிகளில் இப்போது முன்னே 100 மிமீ, பின்னே 142 மிமீ அகல ஹப்பும் 12 மிமீ அச்சும் வழக்கம். ரிம் பிரேக் வண்டிகளில் பின் ஹப் 130 மிமீ. பற்சக்கரத் தொகுதி ஹப்பில் பொருந்துமா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.
2. டயர்: அடிக்கடி செல்லும் சாலைக்கு ஏற்ற அகலம் எது, சட்டகத்தில் அதற்கு இடம் உண்டா?
3. உள் அகலம்: அந்த டயருக்கு ஏற்ற ரிம் எது?
4. வலிமை: உடல் எடைக்கும் சுமைக்கும் எத்தனை கம்பிகள் வேண்டும்? தயாரிப்பாளர் குறிப்பிடும் எடை வரம்பு என்ன?
5. ஆழம்: காற்று எப்படி, சராசரி வேகம் என்ன?
6. எடை: மேற்கண்டவை நிறைவேறிய பின் மிஞ்சும் பணத்துக்கு எவ்வளவு குறைக்கலாம்?

குறைந்த பணத்தில் மாற்றம் வேண்டுவோர் முதலில் நல்ல டயர்களை வாங்கி, சரியான அழுத்தத்தில் ஓட்டிப் பார்க்கலாம். பல வேளைகளில் புதிய சக்கரத்துக்கான தேவையே அதன்பின் எழாது. இரண்டு சோடிச் சக்கரம் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள், அகல டயருடன் உறுதியான அலுமினியச் சோடி ஒன்றை அன்றாடத்துக்கும், ஆழமான சோடி ஒன்றைப் போட்டி நாளுக்கும் ஒதுக்குவர்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறையாவது காற்றழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் ரிம் பக்கவாட்டில் ஆடுவது கண்ணுக்குத் தெரியும். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டினால் ஏறத்தாழ ஒரே ஒலி எழ வேண்டும். மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்துவிட்டது என்று அறியலாம். புதிய சக்கரத்தை முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. மலை இறக்கத்துக்கு முன் அச்சு இறுக்கமாக உள்ளதா, பிரேக் கட்டைகள் தேயாமல் உள்ளனவா, டயரில் வெட்டு உள்ளதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.